வாளி வைக்கச் சொல்லாதீங்கோ

சுடுதண்ணி ஹீற்றர் ஒழுகினால் அதுக்குக் கீழ வாளி வைக்கிறது ஆருடைய வேலை? வீட்டுக்காரரைக் கேட்டால், இருக்கிற ஆக்களின்ர வேலை. பைப் பாஸைக் கேட்டால், வாளி ஒன்றும் வேண்டாம், புதுசு ஒன்று வாங்கிப் பூட்டுங்கோ. முந்தி அந்த வீட்டில இருந்த அக்காமாரைக் கேட்டால், "நாங்களும் இப்பிடித்தான் இருந்தனாங்கள், சமாளியுங்கோடி." மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னாலும் காசு போறது ஒரே பக்கத்தால்தான். வாடகைக்கு இருக்கிற, கையில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லாத பக்கத்தால்.

பேராதனையில் விடுதி கிடைக்காத வருஷம் பிள்ளையள் வெளியில் அறை தேடி அலையிறது புதுக்கதை இல்லை. ஹிந்தகலை, கன்னொறுவை, கெட்டம்பே, கலஹா வீதி என்று சுற்றிவர எல்லா இடத்திலும் ஒரு அனெக்ஸ், ஒரு மேல்மாடி, ஒரு கராஜைத் தடுத்துக் கட்டின அறை வாடகைக்கு இருக்கு. நாங்கள் ஐந்து பெட்டையள் அப்படி ஒரு அனெக்ஸில் இருக்கிறம். ஹட்டன், மட்டக்களப்பு, வடமராட்சி என்று மூன்று திசையில் இருந்து வந்தவை. வாடகை பேசேக்க வீட்டுக்காரர் முதலாவதாகக் காட்டினது சுவரில் தொங்கின 30 லீற்றர் ஹீற்றரைத்தான். "ஹொட் வோட்டர் இருக்கு" என்ற ஒரு வசனத்துக்காகவே வாடகையில் ஒரு தொகை ஏறினது. அது ஒழுகத் தொடங்கின பிறகு அதே ஹீற்றர் திடீரென்று எங்கட சாமான் ஆகிப்போச்சு. வாடகை எடுக்கேக்க அவருடையது, ஒழுகேக்க எங்களுடையது. இந்தக் கணக்கைத்தான் நாங்கள் ஏற்கமாட்டம் என்று சொல்லுறம்.

மாணவர் இருக்கிற வீடுகளில் ஒரு விசேஷம் இருக்கு. ஒரு பட்ச் பத்து மாதமோ ஒன்றரை வருஷமோ இருந்துவிட்டுப் போகும். பிறகு அடுத்த பட்ச் வரும். பத்து மாதம் இருக்கிறவைக்கு ஒழுக்கைத் திருத்துறதைவிட வாளி வைக்கிறது லேசு. "எப்படியும் போகப்போறம்தானே?" இப்படி ஒவ்வொரு பட்ச்சும் வாளி வைத்துவிட்டுப் போகுது. ஆக்கள் மாறுகினம், ஒழுக்கு மாறேல்ல. சுவரில் பாசி பிடிக்குது, ஹீற்றரின் அடி துருப்பிடிக்குது, மின்சார பில் ஏறுது. வீட்டுக்காரருக்கு ஒரு சதம் செலவில்லை. எங்களிட்ட அவர் சொன்ன பதிலும் அதுதான்: "முந்தி இருந்த பிள்ளையள் ஒன்றும் சொல்லேல்லையே?" எங்களுக்கு முதல் இருந்தவையின் பொறுமையை எங்களுக்கு எதிரான சாட்சியாகக் காட்டினார். சமாளிப்பு நல்ல குணம் என்று எங்கட வீடுகளில் சொல்லித்தான் வளர்த்தவை. ஆனால் ஒருத்தர் சமாளிக்கிறதால் இன்னொருத்தர் மிச்சம் பிடிக்கிறார் என்றால் அதைக் குணம் என்று சொல்லேலாது. அது இனாமாகக் கொடுக்கிற உழைப்பு.

அடுத்தது பாஸ். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?" இரண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுது, புதுசு போடோணும்" என்றார். மூடியைக் கழற்றேல்ல. எங்கால ஒழுகுது என்று தேடேல்ல. எல்லாப் பாஸ்மாரும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு யந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளுக்கு முன்னால் "முடிஞ்சுது" என்ற சொல் எவ்வளவு லேசாக வருது என்பதைக் கவனியுங்கோ. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. அந்தக் காசில் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி எல்லாம் பார்க்கிற பிள்ளைக்கு "புதுசு போடோணும்" என்றால், சுடுதண்ணியை மறந்துவிடு என்றுதான் அர்த்தம். காசில்லாத ஆளுக்குத் தெரியாமையும் சேர்ந்தால் செலவு இரண்டு மடங்கு. ஆகவே நாங்கள் தெரிந்துகொள்ள வெளிக்கிட்டம். நாங்கள் கலைப்பீடம். எங்களுக்கு விளங்கினது எந்தப் பீடத்துக்கும் விளங்கும்.

ஹீற்றர் ஒழுகுது என்று பொதுவாகச் சொல்லுறதில் பிரயோசனம் இல்லை. எங்கால ஒழுகுது என்பதில்தான் செலவு இருக்கு. தொட முதல் செய்யவேண்டியது ஒன்று: மின்பலகையில் ஹீற்றருக்கான பிரேக்கரை இறக்குறது. ஈரக்கையால் குளியலறைச் சுவிட்சை அமத்துறது இல்லை. தண்ணி ஆறும்வரை பொறுங்கோ. பிறகு வெளிப்பக்கத்தை முழுக்கத் துணியால் துடைத்து, ஒவ்வொரு பொருத்திலும் ஒரு துண்டு டிஷ்யூவைச் சுற்றிவிடுங்கோ. அரை மணித்தியாலத்தில் எந்த டிஷ்யூ முதலில் நனையுதோ அதுதான் இடம். இதுக்கு இஞ்சினியர் தேவையில்லை.

பொருத்துகளில் நனைந்தால் அது சின்ன வேலை. குளிர்தண்ணி உள்ள வாற குழாய், சுடுதண்ணி வெளிய போற குழாய், இந்த இரண்டின் முனையிலும் உள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடிக்கும். புரியில் சுற்றியிருக்கிற, கடையில் த்ரெட் சீல் என்று சொல்லுற அந்த வெள்ளை நாடா விட்டுப்போகும். இரண்டும் ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்குற காசுக்கே வரக்கூடிய சாமான். வளையிற குழாயே அரித்துப்போயிருந்தால் அதை மாற்றவேணும். அப்பவும் ஹீற்றரை மாற்றத் தேவையில்லை. ஹாட்வெயார் கடைக்குப் போகேக்க பழசைக் கழற்றிக் கையோட கொண்டுபோங்கோ, அளவு பிழைக்காது. சிங்களம் தடுமாறும் என்று பயப்பிட்டு நிற்கவும் தேவையில்லை. வாஷர், வால்வு, லீக் எல்லாம் மூன்று மொழியிலும் ஒரே சொல்தான். கழற்ற முதல் உள்ள வாற தண்ணியைப் பூட்டி, சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து அமுக்கத்தை இறக்கவேணும். தாங்கி நிரம்பினது நிச்சயமாகும்வரை பிரேக்கரைத் திரும்பப் போடக்கூடாது. தண்ணியில்லாமல் எரிந்தால் உள்ளுக்கிருக்கிற கொயில் போய்விடும்.

குளிர்தண்ணி நுழையிற இடத்தில் ஒரு சின்ன வால்வு, பக்கத்தில் ஒரு மூக்கு, சிலதில் ஒரு நெம்பும் இருக்கும். அதுதான் பாதுகாப்பு வால்வு. தண்ணி சூடாகினால் விரியும். 20 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகேக்க நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கூடும். 30 லீற்றர் தாங்கியில் அது கிட்டத்தட்ட 450 மில்லிலீற்றர். வந்த வழியால் திரும்பிப் போகாமல் வால்வு தடுக்குது. தாங்கி இரும்பு, அது விரிந்து இடம் கொடுக்காது. ஆகவே அந்த மிச்சத் தண்ணி மூக்கால் சொட்டும். சூடாகேக்க மட்டும் சொட்டி, பிறகு நின்றால் அது பழுது இல்லை. யந்திரம் ஒழுங்காக வேலை செய்யுது என்பதற்கு அடையாளம். ஹீற்றர் ஆறிக் கிடக்கேக்கயும் சொட்டிக்கொண்டே இருந்தால், வால்வுக்குள் சுண்ணாம்போ ஊத்தையோ அடைத்திருக்கலாம், அல்லது மேல் தாங்கியிலிருந்தோ லைனிலிருந்தோ வாற அமுக்கம் கூட இருக்கலாம். வால்வை மட்டும் தனியாக மாற்றலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணியில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படலம் பிடிக்கிறதைப் பார்த்த ஆக்களுக்கு இது விளங்கும்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு உண்மையாகவே கோபம் வாறது. "அந்த மூக்கை ஒரு மூடி போட்டு இறுக்கிவிடுங்கோ, ஒழுக்கு நிண்டுடும்" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவை ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. அன்பாகத்தான் சொன்னவை. சொன்ன எல்லாரும் அதைச் சிக்கனம் என்றுதான் நினைக்கினம். ஒவ்வொருமுறை சூடாகேக்கயும் போக இடமில்லாமல் அமுக்கம் தாங்கியின் சுவரில் ஏறும். ஒருநாள் சூட்டை நிறுத்துற தெர்மோஸ்டாட்டும் அதுக்குப் பிறகு காவலுக்கு இருக்கிற கட் அவுட்டும் பழுதாகினால், அந்தத் தாங்கி வெடிக்கலாம். தலைக்கு மேல், கதவு பூட்டின ஒரு சின்ன அறைக்குள். அந்த மூக்கை அடைக்கிறது சிக்கனம் இல்லை. செலவை உயிரின் கணக்கில் எழுதிவைக்கிறது.

மூன்றாவது, கொயில் பூட்டியிருக்கிற மூடிப்பக்கம். அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது தேய்ந்தால் தண்ணி வயர்களுக்குப் பக்கத்தில் இறங்கும். வளையம் மலிவு, ஆனால் அதில் நாங்கள் கை வைக்கக்கூடாது. மின்வேலை தெரிந்த ஆள் தேவை. பைப்பைத் தொடேக்க கை விறுவிறுத்தால் குளிப்பு அந்த நிமிஷமே முடிந்தது, பிரேக்கரை இறக்குங்கோ. மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருக்குதா, அதிலுள்ள "டெஸ்ட்" பொத்தானை அமத்தினால் விழுகுதா என்பதை வீடு பார்க்கப் போற அன்றைக்கே பாருங்கோ. அலமாரி இருக்கா என்று கேட்கிற நாங்கள் ஒருத்தரும் அதைக் கேட்கிறதில்லை.

நாலாவதுதான் பாஸ் சொன்ன "முடிஞ்சுது". பொருத்து எல்லாம் காய்ந்திருக்க, வெளிக்கூட்டின் அடியால் சொட்டினால், பைப்பில் செம்மண் நிறத்தில் தண்ணி வந்தால், உள்தாங்கியே அரித்துவிட்டது. அதுக்கு ஒட்டு, பசை, சீலிங் ஒன்றும் நிற்காது. அதைத் தள்ளிப்போடத்தான் தாங்கிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருக்கினம். தாங்கிக்குப் பதிலாக அது அரிபட்டுப்போகும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருக்கால் பார்த்து மாற்றினால் தாங்கியின் ஆயுள் கூடும். பட்ச் மாறி மாறி இருக்கிற வீட்டில் அந்தக் கம்பியை மாற்றவேண்டியது ஆர்? பத்து மாதத்தில் போகப்போற பிள்ளையா, பத்து வருஷமாக வாடகை எடுக்கிற ஆளா?

"சொட்டுத் தண்ணிதானே" என்று சொல்லுறவைக்கு ஒரு கணக்கு. காய்ச்சல் பாணி மருந்தோட வாற அளவு மூடியைச் சொட்டுக்குக் கீழ ஒரு நிமிஷம் பிடியுங்கோ. 10 மில்லிலீற்றர் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 14.4 லீற்றர், ஒரு மாதத்துக்கு 432 லீற்றர். அது சூடான பக்கத்து ஒழுக்காக இருந்து, ஹீற்றர் நாள் முழுக்கப் போட்டபடி கிடந்தால், அந்தத் தண்ணியை 20 பாகையிலிருந்து 60க்குச் சூடாக்க மாதம் 20 யூனிட் அளவில் போகும். ஒருத்தரும் குளிக்காத தண்ணிக்கு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடினதையும், பிறகு அது ஏறி இறங்கினதையும் பார்த்த தலைமுறை நாங்கள். வீட்டுப் பாவனையில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணப் படி மாறும் என்றும் தெரியும். எல்லையில் நிற்கிற வீட்டை அந்த 20 யூனிட் மற்றப் பக்கம் தள்ளிவிடும். மின்சார பில் கட்டுறது ஆர்? நாங்கள். அதனால்தான் வீட்டுக்காரருக்கு அது சொட்டு.

இனி, எங்களுக்கு ஆகக் கூடச் சொன்ன வசனத்துக்கு வருவம்: "சுடுதண்ணி சொகுசுதானே பிள்ளையள்." மாசி, மார்கழியில் பேராதனைப் பனியில் காலமை ஐந்தரைக்குத் தலையில் தண்ணி ஊத்திப் பார்த்தவை இதைச் சொல்லுறதில்லை. ஆனால் அந்த வாதத்தை நாங்கள் எடுக்கவில்லை. எங்களில் ஹட்டன் பிள்ளை சொன்னதைத்தான் எடுக்கிறம். லயத்து வீட்டில் ஹீற்றர் இல்லை, உண்மைதான். ஆனால் சுடுதண்ணி இல்லாமலும் இல்லை. அவளின் அம்மா கொழுந்தெடுக்கப் போக முதல், இருட்டோட எழும்பி, விறகு வைத்து, புகைக்குள் இருந்து தண்ணி காய்ச்சி, பிள்ளையளைக் குளிக்க வார்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பினவ. குளிர் நாட்டில் சுடுதண்ணி தேவை. அதை ஆர் சுமக்கிறது என்பதுதான் கேள்வி. ஹீற்றர் பழுதாகினால் சொகுசு குறைகிறதில்லை, வேலை ஒரு பொம்பிளையின் தலைக்கு மாறுது. எங்கட அனெக்ஸிலும் அதுதான் நடந்தது. காலமை வகுப்புக்கு முதல் கேத்திலில் தண்ணி வைத்து வைத்து வாளி நிரப்புறதுக்கு முறை போட்டம். அந்த நேரம் எங்கட வாசிப்பு நேரத்திலிருந்துதான் வெட்டுப்பட்டது. சொகுசு என்று சொல்லுறவை, "ஹொட் வோட்டர்" என்று சொல்லி வாடகை கூட்டேக்க எங்க போனவை?

சட்டம் என்ன சொல்லுது? வாடகை என்றதும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைச் சொல்லுவினம். இன்றைக்குப் பல வீடுகள் அந்தச் சட்டத்துக்கு வெளியில் நிற்குது. ஆனால் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக எங்களுக்கு வந்த பொது விதி சாதாரண மனிசருக்கும் விளங்கக்கூடியது: வாடகைக்குக் கொடுக்கிறவர் கொடுத்த நோக்கத்துக்கு ஏற்ற நிலையில் வீட்டை வைத்திருக்கவேணும், இருக்கிறவர் அதைப் பொறுப்பாகப் பாவிக்கவேணும். நாங்கள் உடைத்தால் நாங்கள் கட்டுறம். பழசாகி அரித்தால் அது உடைமைக்காரரின் செலவு. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதிக் கையொப்பம் வைத்திருந்தால் கதை மாறும். "சகல திருத்தங்களும் குடியிருப்பவரின் பொறுப்பு" என்ற ஒற்றை வரியை வாசிக்காமல் கையொப்பம் வைக்கக்கூடாது. "சின்னத் திருத்தம்" என்றால் எத்தனை ரூபாய்வரை என்று எழுதச் சொல்லுங்கோ. பேசித் தீராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் இருக்கு, அங்கே போக வக்கீல் தேவையில்லை.

வீட்டுக்காரரும் பாவம், அவருக்கும் கடன் இருக்கு என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். சில இடங்களில் பென்ஷனோட சேர்த்து அந்த வாடகையில்தான் வீடே ஓடுது. அதை நாங்கள் மதிக்கிறம். அதனால்தான் புது ஹீற்றர் கேட்டுச் சண்டைக்குப் போகேல்ல. டிஷ்யூ நனைந்த இடத்தைப் படம் எடுத்து, திகதி போட்டு, வட்சப்பில் அனுப்பினம். என்ன பழுது, என்ன சாமான், கடையில் கேட்ட விலை, மூன்றையும் எழுதினம். "ஒழுகுது" என்று சொன்ன இரண்டு கிழமையும் பதில் வரேல்ல. "குளிர்தண்ணிக் குழாயும் பாதுகாப்பு வால்வும் மாற்றவேணும், பில் அனுப்புறம், அடுத்த மாத வாடகையில் கழிக்கிறம், சம்மதமா?" என்று எழுதின அன்றைக்குப் பின்னேரமே "ஓகே" வந்தது. திருத்திறதுக்குச் செலவானது அந்தப் பாஸ் சொன்ன தொகையின் ஒரு சின்ன மூலை. ஆள் மாறேல்ல, மனமும் மாறினதாகத் தெரியேல்ல. எங்களுக்கு விஷயம் தெரியும் என்று அவருக்கு விளங்கினது, அவ்வளவுதான்.

திருத்தும்வரை வால்வைப் பூட்டி ஹீற்றரை நிறுத்திவைக்கிறது சரி. அது பாதுகாப்பு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைத்த ஹீற்றருக்கு வாடகை எடுக்கிறது சரியில்லை. அந்த மாதத்து வாடகை குறையவேணும் என்று கேட்கிறதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு விட்டுப்போற எல்லாப் பட்ச்சிடமும் நாங்கள் கேட்கிறது ஒன்றுதான். மெத்தையையும் கேஸ் அடுப்பையும் அடுத்த பிள்ளையளுக்கு விற்றுவிட்டுப் போறியள். அதோட ஒரு தாளும் வைத்துவிட்டுப் போங்கோ: எது ஒழுகுது, எப்ப இருந்து, ஆருக்கு எப்ப அறிவித்தது, எதை மாற்றினது, ஆர் காசு கட்டினது. அந்தத் தாள் இருந்தால் "முந்தி இருந்த பிள்ளையள் ஒன்றும் சொல்லேல்லையே" என்ற வசனத்தை இனி ஒருத்தரும் சொல்லேலாது. எங்கட தாளை எழுதி, மின்பலகைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியாச்சு.